சிறு டர்போ காருக்கு ஏற்ற இன்ஜின் ஆயில்: காரைக்குடியில் ஊற்றிப் பார்த்த மூன்று ஆயில்கள்

காரைக்குடியில் உதிரிபாகக் கடைக்குப் போய் இன்ஜின் ஆயில் கேட்டால், பெட்ரோல் வண்டியா டீசல் வண்டியா என்று கேட்பார்கள். அடுத்து எத்தனை லிட்டர் வேண்டும் என்பார்கள். இரண்டுக்கும் விடை சொன்னதும் ஒரு டப்பா மேசைக்கு வந்துவிடும். பழைய கார்களுக்கு இந்த இரண்டு கேள்விகளே போதுமானவையாக இருந்தன. இன்றைக்குச் செட்டிநாட்டு ஊர்களில் ஓடும் வென்யூ, சோனெட், ஃபிராங்க்ஸ், டைகுன், குஷாக், நெக்ஸான், மேக்னைட் போன்ற வண்டிகளில் ஒரு லிட்டரோ 1.2 லிட்டரோ கொள்ளளவுள்ள டர்போ இன்ஜின் பொருத்தியவை ஏராளமாக இருக்கின்றன. இவற்றுக்கு ஆயில் வாங்கும்போது மூன்றாவதாக ஒரு கேள்வி கட்டாயம் எழ வேண்டும்: டப்பாவின் பின்பக்கத்தில் எந்தத் தரக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறது? அந்தக் கேள்வியைக் கடைக்காரர் கேட்கமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். பெயர்பெற்ற மூன்று ஆயில்களை என் காரில் அடுத்தடுத்து ஊற்றி ஓட்டிய அனுபவத்தையும், அவற்றை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய கார் ஒரு லிட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்டது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ இன்ஜின். கையேடு 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 ஆகிய இரண்டு தடிமன்களையும் அனுமதிக்கிறது (டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலையிலும், பின்னால் உள்ள எண் சூடான நிலையிலும் ஆயிலின் தடிமனைக் குறிக்கும்). காரைக்குடிக்குள் கடைக்கும் கோயிலுக்குமான குறுகிய ஓட்டம் பாதி. மதுரைக்கும் திருச்சிக்குமான நெடுஞ்சாலை ஓட்டம் மீதி. சித்திரை வெயிலில் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்துப் பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போய் வருவதும் உண்டு. இந்தப் பக்கத்தில் கார் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களின் பயன்பாடும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால், என் முடிவுகள் அவர்களுக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

முதலில், டர்போ இருப்பதால் ஆயிலுக்குக் கூடுதலாக என்ன வேலை வந்து சேர்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இன்ஜினின் புகையால் சுழன்று, சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரைகூடச் சுழலக்கூடியது. அதன் ஒரு முனையில் இருக்கும் சக்கரத்தின் மேல் 900 டிகிரி செல்சியஸைத் தொடும் புகை மோதுகிறது. அந்தத் தண்டைத் தாங்கும் புஷ்களுக்கும் தண்டுக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. இன்ஜினுக்குள் ஓடும் அதே ஆயில்தான் ஒரு சிறு குழாய் வழியாக இங்கேயும் வந்து, உராய்வையும் தடுத்து, சூட்டையும் எடுத்துக்கொண்டு, அடித்தொட்டிக்குத் திரும்புகிறது. வேகமாக ஓட்டி வந்த வண்டியைச் சட்டென்று அணைத்துவிட்டால் ஆயில் ஓட்டம் நின்றுபோகிறது. ஆனால் டர்போவின் சூடு குறையச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் புஷ்களுக்கு அருகே தேங்கி நிற்கும் ஆயில், பலகாரம் சுட்ட இருப்புச் சட்டியின் விளிம்பில் காய்ந்து இறுகிய எண்ணெயைப் போலக் கருகிப் படிகிறது. அந்தக் கரி நாளடைவில் ஆயில் வழியை அடைக்கும். பல இன்ஜின்களில் டர்போவைச் சுற்றிக் கூலன்ட் ஓடுகிறது. சிலவற்றில் வண்டியை அணைத்த பிறகும் கூலன்டைச் சுற்றவைக்கும் சிறு மின்பம்பு இருக்கிறது. இவை ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன என்றாலும், சூட்டில் எளிதில் சிதையாத அடிப்படை ஆயிலின் தேவையை நீக்கிவிடவில்லை. டர்போ வண்டிக்கு மினரல் ஆயிலோ (கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்தது) பாதி சிந்தெடிக் ஆயிலோ வேண்டாம், முழு சிந்தெடிக் (ரசாயன முறையில் சீராக்கியது) மட்டுமே வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது தடிமன். ஆயில் மாற்ற நான் வழக்கமாகப் போகும் பட்டறையில், அனுபவமும் நல்ல மனமும் உள்ள மெக்கானிக் ஒருவர், "ஆச்சி, நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும், 20டபிள்யூ-50 ஊத்திடுவோம்" என்றார். அம்பாசிடர் காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் வேரூன்றிய கருத்து அது. அந்தக் கால இன்ஜின்களைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருந்தது. ஆனால் இன்றைய இன்ஜினுக்குள் ஆயிலின் வெப்பநிலையைத் தீர்மானிப்பவை, கூலன்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் இன்ஜினின் சுமையும்தான். வண்டி நன்றாகச் சூடான பிறகு, வெளியே 28 டிகிரியா 40 டிகிரியா என்பதால் அடித்தொட்டியில் இருக்கும் ஆயிலுக்கு ஏற்படும் வேறுபாடு, அந்தப் பன்னிரண்டு டிகிரியை அப்படியே எடுத்து வைப்பதாக இருக்காது. மாறாக, காலையில் வண்டியை எடுக்கும்போது 20டபிள்யூ-50 ஆயில் 5டபிள்யூ-30 ஆயிலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். அது பம்பிலிருந்து கிளம்பி, குறுகிய குழாய்களைக் கடந்து, டர்போ புஷ்களை அடையத் தாமதமாகும். வால்வுகள் திறக்கும் நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் அமைப்பு இந்த இன்ஜின்களில் உண்டு. அதன் நுண்ணிய துவாரங்கள் கணக்கிடப்பட்டிருப்பதும் மெல்லிய ஆயிலுக்குத்தான். ஆகவே கையேட்டில் இல்லாத 20டபிள்யூ-50 ஆயிலை, வெயிலைக் காரணம் காட்டிச் சிறு டர்போவுக்கு ஊற்றுவது தவறு. அந்த மெக்கானிக்கிடம் கையேட்டின் பக்கத்தைத் திறந்து காட்டினேன்; அவரும் அதைப் படித்துவிட்டு மறுப்புச் சொல்லாமல் நான் கொண்டுபோன டப்பாவையே ஊற்றினார்.

அப்படியானால் 30 வேண்டுமா, 40 வேண்டுமா? கார் வைத்திருப்பவர்களிடையே அதிகம் விவாதிக்கப்படும் இந்தக் கேள்விக்கு, அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது. அந்த எண் 100 டிகிரியில் ஆயில் தன் எடையால் எவ்வளவு வேகமாக வழிகிறது என்பதைக் குறிப்பது. தாங்குபுஷ்களுக்குள் ஆயில் படுவதோ, 150 டிகிரிச் சூட்டிலும் கடுமையான தேய்ப்பிலும் படும் பாடு. அந்த நிலையில் எஞ்சும் தடிமனுக்குத் தனி அளவு ஒன்று இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் எச்டிஎச்எஸ் என்பார்கள். சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலுக்கு இந்த அளவு குறைந்தது 2.9 இருந்தால் போதும். ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பான ஏசிஇஏ வகுத்த சி3 தரத்தை எட்டும் 5டபிள்யூ-30 ஆயிலுக்கோ, குறைந்தது 3.5 இருக்க வேண்டும். அதே கூட்டமைப்பின் ஏ3/பி4 தரமுள்ள 5டபிள்யூ-40 ஆயிலுக்கும் அதே 3.5தான் கீழ்வரம்பு. அதாவது, டப்பாவின் முன்பக்கத்தில் ஒரே 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும் இரண்டு ஆயில்கள் சூட்டைத் தாங்குவதில் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்தவையாக இருக்கலாம். 30 என்று எழுதிய ஒன்றும் 40 என்று எழுதிய மற்றொன்றும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம். இதை அறிந்த பிறகு நான் முன்பக்கத்தைப் பார்த்து ஆயில் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சில புதிய இன்ஜின்களின் கையேடு 0டபிள்யூ-20 ஆயிலை மட்டுமே சொல்லும். அந்த இன்ஜினின் புஷ் இடைவெளிகளும் ஆயில் பம்பும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டவை. வாரன்டியும் அதைப் பொறுத்தது. அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் நான் கீழே சொல்லும் கெட்டியான ஆயில்களைத் தேடிப் போக வேண்டாம்.

தடிமனைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது ஏபிஐ எஸ்பி என்ற குறியீட்டை. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் இந்தத் தரம் 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சிறு டர்போ இன்ஜின்களைப் பீடிக்கும் ஒரு தனிப்பட்ட கோளாறுக்காகவே 2018-இல் எஸ்என் பிளஸ் என்ற இடைக்காலத் தரத்தை அவசரமாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் எஸ்பி. அந்தக் கோளாறு என்னவென்றால், இன்ஜின் குறைந்த சுற்றில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால், டர்போ காற்றைத் திணிக்க, சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுந்துவிடுகிறது. சிலிண்டர் சுவரில் ஆயிலும் பெட்ரோலும் கலந்து தெறிக்கும் துளி ஒன்று, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பாகவே தானே தீப்பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு நிகழ்வதால், பிஸ்டனின் வளையத் தாங்கிகள் உடைவதும் கனெக்டிங் ராடு வளைவதும்கூட நேரலாம். ஆயிலில் அழுக்கைக் கரைப்பதற்காகச் சேர்க்கும் கால்சியம் உப்புகள் இந்த முன்தீயைத் தூண்டுகின்றன என்பது ஆய்வுகளில் தெரியவந்தது. அதற்குப் பதிலாக மக்னீசியம் உப்புகளைக் கூடுதலாகச் சேர்த்தபோது அது குறைந்தது. எஸ்பி முத்திரை பெறும் ஆயில், இந்த முன்தீயை அளக்கும் இன்ஜின் சோதனையிலும், டைமிங் செயின் தேய்மானத்தை அளக்கும் மற்றொரு சோதனையிலும் தேறியிருக்க வேண்டும்.

இது ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துச் செய்தி என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. திருமயம் சாலையில் நெல் மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால், நான்காம் கியரில், 1,500 சுற்றில் ஊர்ந்துகொண்டிருக்கிறோம். எதிர்ச்சாலை காலியானதும் கியரைக் குறைக்காமலே மிதித்து முந்துகிறோம். வண்டியில் ஐந்து பேர், பின்னால் சீர்வரிசைச் சாமான்கள், ஏசி வேறு. ஆய்வாளர்கள் சோதனை மேடையில் உருவாக்கும் அதே குறைந்த சுற்றும் மிகுந்த சுமையும் சேர்ந்த நிலைதான் இது. கியரைக் குறைத்து முந்துவது முதல் பாதுகாப்பு. எஸ்பி தர ஆயில் இரண்டாவது. நெக்ஸான், மேக்னைட், கைகர் போன்றவற்றின் டர்போ இன்ஜின்கள் பெட்ரோலை உள்ளிழுகுழாயில் பீய்ச்சுவன என்பதால் அவற்றில் ஆபத்து சற்றுக் குறைவு. இருந்தாலும் எஸ்பி ஆயில் அவற்றுக்கும் நல்லதே.

ஐரோப்பிய சி3 தரத்தில் இந்த முன்தீச் சோதனை இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏசிஇஏ அமைப்பு 2021-இல் ஏ7/பி7, சி6 என்ற புதிய வகைகளில்தான் அதைச் சேர்த்தது. ஆகவே சி3 ஆயில் வாங்குகிறவர்கள் அதே டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைகளில் நெடுநாள் தங்கிவிட்ட இருப்பில், எஸ்பிக்கு முந்தைய தரமான எஸ்என் என்று மட்டுமே அச்சிட்டிருக்கும். விலை குறைத்துக் கொடுத்தாலும் டர்போவுக்கு அதை நான் வாங்கமாட்டேன்.

இனி, நான் பயன்படுத்திய ஆயில்களுக்கு வருகிறேன்.

முதலாவது ஷெல் ஹீலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-40. இதன் அடிப்படை ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவதற்குப் பதிலாக, கத்தார் நாட்டில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. அதனால் அதில் கந்தகம் போன்ற மாசுகள் ஏறத்தாழ இல்லை. சூட்டில் ஆவியாகும் தன்மையும் குறைவு. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களுக்கு இந்தக் கடைசிப் பண்பு மிக முக்கியமானது. ஆயில் ஆவி, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாய் வழியாக உள்ளிழுப்புப் பக்கம் போய், வால்வுகளின் முதுகில் படிகிறது. பழைய இன்ஜின்களில் அங்கே தெறிக்கும் பெட்ரோல் அந்தப் படிவைக் கழுவிவிடும், இந்த இன்ஜின்களில் அங்கே பெட்ரோலே போவதில்லை. அமெரிக்கத் தரம் 15 சதவீதம் வரை ஆவியாக அனுமதிக்கிறது; ஏ3/பி4, சி3 ஆகிய ஐரோப்பியத் தரங்கள் 13 சதவீதத்தில் நிறுத்துகின்றன. ஷெல் ஆயிலை ஊற்றி ஓட்டிய காலம் முழுவதும் ஆயில் குச்சியில் அளவு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவில்லை. மதுரையிலிருந்து மே மாத மதியத்தில் நிறுத்தாமல் வந்து வீட்டு முகப்பில் நின்றபோதும் இன்ஜினின் ஓசை காலையில் கிளம்பியபோது இருந்த அதே சீரில் இருந்தது. குறையென்று சொன்னால், 5டபிள்யூ-30 ஆயிலோடு ஒப்பிடுகையில் ஊருக்குள் ஓட்டும்போது முதல் சில கிலோமீட்டரில் இன்ஜின் சற்றே கனமாக இழுப்பதை உணர முடிகிறது.

இரண்டாவது மொபில் 1 ஈஎஸ்பி 5டபிள்யூ-30. சி3 தரம் கொண்டது. வோக்ஸ்வேகன் 504 00 ஒப்புதல் பெற்றது. காலையில் சாவியைத் திருப்பியதும் எழும் சிறு உலோகச் சத்தம் மூன்று ஆயில்களிலும் இதில்தான் மிக விரைவாக அடங்கியது. ஊருக்குள் ஓட்டுவதற்கு இதுவே இதமாக இருந்தது. நெடுஞ்சாலையிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. இதைப் பற்றிச் சிலர் எழுப்பும் ஓர் ஐயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சி3 ஆயில்களில் அமிலத்தை முறிக்கும் காரத்தின் இருப்பு குறைவு. ஏ3/பி4 ஆயிலுக்கு அந்த அளவு குறைந்தது 10 இருக்க, சி3 ஆயிலுக்கு 6 போதும். கந்தகம் மிகுந்த பெட்ரோல் கிடைத்த காலத்தில் இது கவலைக்குரியதாக இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுகிறவர்களுக்கு 6 என்ற அளவு தாராளமாகப் போதும்.

மூன்றாவது மோடுல் 8100 எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40. ஏ3/பி4 தரத்தது, இதற்கும் வோக்ஸ்வேகன் 502 00, மெர்சிடிஸ் 229.5 போன்ற ஒப்புதல்கள் உண்டு. நெடுஞ்சாலையில் இதற்கும் ஷெல்லுக்கும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை. காரைக்குடிக் கடைகளில் இது எப்போதும் கிடைப்பதில்லை. மதுரையிலிருந்தோ இணையத்திலோ வாங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்துக்கு ஈடான கூடுதல் பலன் எதையும் நான் காணவில்லை என்பதால் மீண்டும் வாங்கவில்லை. பல நாடுகளுக்கும் பல காலங்களுக்கும் ஒரே பெயரில் வெவ்வேறு கலவைகள் வருவதால், இந்த மூன்றில் எதை வாங்கினாலும் கையில் இருக்கும் டப்பாவின் பின்பக்கத்தையே இறுதிச் சான்றாகக் கொள்ள வேண்டும். "ஒப்புதல் பெற்றது" என்ற வாசகத்துக்கும் "ஏற்றது" என்ற வாசகத்துக்கும் வேறுபாடு உண்டு: முன்னது கார் நிறுவனம் சோதித்து அளித்த சான்று, பின்னது ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது.

சர்வீஸ் சென்டரில் கார் நிறுவனத்தின் பெயரிட்டு விற்கும் ஆயிலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அது பெரிய ஆயில் நிறுவனங்களில் ஒன்று தயாரித்துக் கொடுப்பதே. வாரன்டிக் காலத்தில் அதைப் பயன்படுத்துவது வீண் வாக்குவாதங்களையும் தவிர்க்கும். ஆனால் டப்பாவை நம் கண் முன்னால் திறக்கச் சொல்ல வேண்டும். ஒரு சர்வீஸ் சென்டரில், ரசீதில் முழு சிந்தெடிக் என்று எழுதிவிட்டு, எந்தத் தரமென்று யாராலும் சொல்ல முடியாத பேரல் ஆயிலை என் வண்டிக்கு ஊற்றப் போனார்கள். நான் பேரலின் ஒட்டுச்சீட்டைப் பார்க்க வேண்டுமென்று கேட்டதும், பேச்சு எதுவுமின்றிப் புதிய டப்பாக்களை எடுத்து வந்தார்கள்.

என் தேர்வு எதுவென்றால், ஊருக்குள் ஓடும் ஓட்டம் மிகுதியாக உள்ளவர்களுக்கு, எஸ்பி முத்திரையும் சேர்ந்த சி3 தரத்து 5டபிள்யூ-30. வாரந்தோறும் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ முழுச் சுமையோடு நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு, கையேடு அனுமதிக்குமானால், எஸ்பி தரத்து 5டபிள்யூ-40. இந்த வகுப்பு ஆயில்கள் பெரும்பாலும் நான்கு லிட்டருக்கு 2,500 முதல் 4,500 ரூபாய் வரை விலை சொல்கின்றன. இந்த இன்ஜின்கள் பலவற்றுக்கும் மூன்றரை முதல் நான்கு லிட்டருக்குள் போதும். ஒரு டர்போவை மாற்றினால் அதைப் போலப் பல மடங்கு செலவாகும்.

ஆயிலின் பெயரைவிட மாற்றும் காலமே முக்கியம் என்பதைச் செட்டிநாட்டில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக வலியுறுத்த விரும்புகிறேன். இங்கே கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும், குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, கார் மட்டும் பூர்வீக வீட்டின் கொட்டகையில் நிற்பதைப் பார்க்கலாம். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் வரும்போது மட்டும் வண்டி வெளியே வரும். கிலோமீட்டர் ஓடவில்லையே, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். பல நிறுவனங்கள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும், வோக்ஸ்வேகனும் ஸ்கோடாவும் 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும் சொல்வதில், எது முன்னால் வருகிறதோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். நிற்கும் வண்டியின் ஆயிலிலும் ஈரமும் அமிலமும் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்லும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பேட்டரிக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் இந்த வேலை ஆயிலைக் கெடுக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் பீய்ச்சப்படும். அதில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் நீராவியும் உள்ளே குளிர்ந்து தங்கும். ஆயில் சூடாகி இந்த இரண்டையும் ஆவியாக்கி வெளியேற்ற வேண்டுமானால் ஐந்து நிமிடம் போதாது. கூலன்ட் முள் நடுவே வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டை எட்ட மேலும் பல கிலோமீட்டர் ஆகும். எனவே மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது, ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் காரைக்குடியிலிருந்து திருமயம் வரை ஓட்டி வரச் சொல்வது நல்லது. முடியாவிட்டால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொடாமல் விட்டுவிடலாம். நெடுநாள் நிறுத்தப் போகும் வண்டிக்கு, திரும்பி வந்து எடுக்கும்போது ஆயில் மாற்றுவதைவிட, நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுவது மேல். பழைய ஆயிலின் அமிலம் மாதக்கணக்கில் புஷ்களில் ஊறிக்கொண்டிருக்காது.

செக்காலையிலிருந்து கழனிவாசலுக்கும் அங்கிருந்து கல்லுக்கட்டிக்குமாக நாள்முழுதும் சிறு சிறு ஓட்டமாக ஓடும் வண்டிக்கும் இதே நிலைதான். பெட்ரோல் கலந்திருக்கிறதா என்பதை ஆயில் குச்சியே சொல்லிவிடும். குச்சியை எடுத்துத் துணியில் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்கும்போது, ஊற்றிய நாளில் இருந்ததைவிட அளவு ஏறியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்தாலோ, கிலோமீட்டர் கணக்கைப் பாராமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜினில் நுண்ணிய கரித்துகள் சேர்வதால், நல்ல ஆயிலும் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். அந்தத் துகள்களைத் தன்னுள் மிதக்கவிட்டு வைத்திருப்பது ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம். என் வண்டிக்குக் கையேடு 10,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும், நான் 7,500 கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறேன். விலை உயர்ந்த ஆயிலைக் காலம் கடந்து ஓட்டுவதைவிட, நடுத்தர விலையில் சரியான குறியீடுள்ள ஆயிலைக் காலத்தோடு மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன்.

போலி ஆயில் பற்றியும் கவனம் தேவை. பல நிறுவனங்கள் மூடியிலோ ஒட்டுச்சீட்டிலோ கைப்பேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் குறியீட்டை வைத்திருக்கின்றன. கடையிலேயே நின்று அதைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். தயாரிப்புத் தேதியையும் தொகுதி எண்ணையும் ரசீதோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்வது, பின்னாளில் வாரன்டி கேட்க நேர்ந்தால் உதவும். காலி டப்பாவைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல், அதில் ஓர் ஓட்டை போட்டுவிட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் காலி டப்பாக்கள்தாம் போலிகளுக்கு மூலதனம். ஆயிலோடு கலக்கச் சொல்லித் தனியாக விற்கப்படும் திரவங்களும், மாற்றுவதற்கு முன் ஊற்றச் சொல்லும் கழுவும் திரவங்களும் இந்த இன்ஜின்களுக்கு வேண்டாம்.

மாற்றும் நாளில் வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போனால் பழைய ஆயில் கரித்துகளோடு சேர்ந்து முழுதாக வடியும். ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்கட்டும். புதிய ஆயிலை ஊற்றும்போது, டப்பா முழுவதையும் கவிழ்த்துவிடும் பழக்கத்தை மட்டும் தடுத்தாக வேண்டும். கையேடு 3.6 லிட்டர் என்று சொல்லும் இன்ஜினுக்கு நான்கு லிட்டரையும் ஊற்றினால், மிகுந்த ஆயில் சுழலும் கிராங்க் தண்டில் பட்டு நுரைக்கும். ஆவியாகவும் துளியாகவும் மூச்சுக்குழாய் வழியே டர்போவுக்குள்ளும், அது திணிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள்ளும் போய்ச் சேரும். முதலில், கையேடு சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சமதளத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, குச்சியைப் பார்த்து, மேற்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மிஞ்சும் ஆயிலை மூடியை இறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த மாற்றம் வரை அளவு குறைந்தால் ஊற்றிக்கொள்ள வைத்திருக்கலாம்.